குரோம்புக்கில் கூட்டம்: பாரம் எங்கே ஏறுகிறது?

புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுக்கு இரண்டு லோரோங் தள்ளி ஒரு டீச்சர் இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) தமிழ்மொழிப் பாடத்துக்கு இயங்கலையில் வகுப்பு நடத்துகிறார். வாரத்தில் இரண்டு இரவு, பதினைந்து பிள்ளைகள். நிபோங் திபாலிலிருந்து ஒருவன், தீவுப் பக்கம் குளுகோரிலிருந்து இரண்டு பேர், மீதிப் பேர் பட்டர்வொர்த், பிறை, சிம்பாங் அம்பாட் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இவர்களை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டுமானால் பேருந்துதான் பிடிக்க வேண்டும். அதனால் இயங்கலை.

போன மாதம் ஒரு நாள் டீச்சர் அழைத்தார்.

"தம்பி, பிள்ளைங்க முகம் எல்லாம் நல்லாத்தான் தெரியுது. என் முகம்தான் கட்டம் கட்டமா நின்னுடுதாம். குரலும் ரோபோ மாதிரி இழுக்குதாம். இது உண்மையான லேப்டாப்பே இல்லைன்னு மருமகன் சொல்றாரு. வேற ஒண்ணு வாங்கிடட்டுமா?"

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த பழைய குரோம்புக் அது. 11.6 அங்குலத் திரை, இரண்டு கோர் உள்ள, இண்டெலின் மலிவு ரகமான செலரான் சிப், 4 ஜிபி மெமரி, 32 ஜிபி சேமிப்பு. கையில் எடுத்தால் ஒரு தடித்த அகராதியின் கனம் கூட இல்லை. மருமகன் சொன்னதில் பாதி சரி. இதில் வழக்கமான மென்பொருளை இறக்கிப் போட முடியாது, பெரும்பாலும் எல்லாமே பிரவுசருக்குள்தான். ஆனால் இன்று இயங்கலைக் கூட்டம் என்பதே பிரவுசருக்குள் நடக்கக்கூடிய காரியம். அப்படியானால் எது தடுமாறுகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் புதிதாக வாங்கினால், புதியதிலும் அதே இழுப்பு வரக்கூடும்.

பிரவுசரே போதும் என்று எப்போது ஆனது

குரோம்புக் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 2011 ஜூனில். சாம்சுங்கும் ஏசரும் செய்த அந்த முதல் இரண்டையும் பலர் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்கள். இணையம் இல்லாவிட்டால் இதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதாகவும் இருந்தது. நம் மலேசியாவில் 2013-இல் பள்ளிகளுக்குக் குரோம்புக் தருவதாகவும், மாணவர், ஆசிரியர், பெற்றோர் என ஒரு கோடிப் பேருக்குக் கூகுள் கணக்குத் தருவதாகவும் அறிவிப்பு வந்தது. அப்போது அதில் பாடம் படிக்கலாம், கட்டுரை எழுதலாம். முகம் பார்த்துப் பேசும் வகுப்பு என்ற எண்ணம் யார் மனத்திலும் பெரிதாக இல்லை.

அதே 2011-இல் இன்னொரு விதையும் விழுந்தது. அதற்கு முந்திய ஆண்டு கூகுள், குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கியிருந்தது. இணையம் வழியாகப் போகும் குரலைச் சீர்படுத்துவதுதான் அவர்களின் கைத்தொழில்: எதிரொலியை நீக்குவது, இரைச்சலைக் குறைப்பது, வழியில் தொலைந்த ஒலித்துண்டை ஈடுகட்டுவது. அந்தச் சரக்கை எல்லாம் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்டது. அதற்குப் பெயர் வெப்ஆர்டிசி. வேறு எதையும் நிறுவாமல், ஒரு பிரவுசர் தானே கேமராவைத் திறந்து, மைக்கைத் திறந்து, மறுமுனையோடு நேரடியாகப் பேசுவதற்கான ஏற்பாடு. 2013 தொடக்கத்தில் குரோமும் பயர்பாக்ஸும் ஒன்றையொன்று அழைத்துப் பேசிக் காட்டின. 2021 ஜனவரியில்தான் அது முறைப்படி உலகத் தரமாக அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பு வருமுன்பே உலகம் அதை ஓட்டிப் பார்த்துவிட்டது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடியது. பி.டி.பி.ஆர். (வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல்) என்ற சொல் அம்மாக்களின் வாயில் நுழைந்தது. ஜூனில் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் திறந்தது; கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் மூன்றின் வகுப்பறைக் கருவிகளும் ஒரே வாசலில். கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்ட பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வீடுகளுக்கு முதன்முதலாக வந்த மடிக்கணினிகளில் குரோம்புக்கும் ஒன்று. மலிவு என்பதால்.

ஒரு விநாடி முகத்துக்கு எத்தனை வேலை

டீச்சரின் குறையைக் கவனித்துக் கேட்டால் அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிள்ளைகளின் முகம் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. அவர் முகம்தான் பிள்ளைகளுக்கு நிற்கிறது. அதாவது வருவதில் சிக்கல் இல்லை, போவதில்தான் சிக்கல்.

போவது என்றால் என்ன? கேமரா 1280-க்கு 720 புள்ளி அளவில், விநாடிக்கு 30 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் 9,21,600 புள்ளிகள். வீடியோவில் வழக்கமான முறைப்படி ஒரு புள்ளிக்கு ஒன்றரை பைட் என்று கணக்கிட்டால், ஒரு படம் ஏறக்குறைய 1.4 மெகாபைட். முப்பது படத்துக்கு 41 மெகாபைட்டுக்கு மேல். ஒரே ஒரு விநாடி முகத்துக்கு இவ்வளவு! ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், இதை அப்படியே அனுப்ப விநாடிக்கு 330 மெகாபிட் வேகம் வேண்டும். வீட்டு லைனில் அது நடக்காது. ஆகவே குரோம்புக் அதை ஒன்றரை மெகாபிட் அளவுக்குச் சுருக்குகிறது, அதாவது இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே. முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எது மாறியது என்று தேடி, மாறியதை மட்டும் எழுதி அனுப்புவதால் இது சாத்தியமாகிறது. அந்தத் தேடல்தான் பாரம்.

சுருங்கி வந்ததை மறுபடி படமாக விரிப்பதும் ஒரு வேலைதான், ஆனால் சுருக்குவதோடு ஒப்பிட்டால் எளிது. கடிதம் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம். எழுதுபவர் சொல் தேட வேண்டும். வாசிப்பவர் இருப்பதைப் படித்தால் போதும். அதோடு, மலிவான சிப்புகளிலும் விரிப்பதற்கென்றே தனிச் சுற்று வைத்திருப்பார்கள், யூடியூப் பார்க்க அது வேண்டும் என்பதால். சுருக்குவதற்கான தனிச் சுற்று எல்லா வீடியோ முறைக்கும் இருக்காது. ஹெச் 264 என்ற பழைய முறைக்கு ஏறக்குறைய எங்கும் இருக்கும். கூட்டச் சேவை வேறு முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பாரம் நேராகப் பொதுச் சிப்பின் தலையில் இறங்குகிறது. யூடியூப் வழவழவென்று ஓடும் அதே மடிக்கணினி, கூட்டத்தில் உட்கார்ந்ததும் திணறுவது இதனால்தான். "படம் நல்லா ஓடுதே, இது மட்டும் ஏன் நிக்குது" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இன்னொரு ரகசியமும் உண்டு. பல சேவைகளில் உங்கள் முகம் ஒரு தடவை மட்டும் சுருக்கப்படுவதில்லை. பெரிதாகப் பார்ப்பவருக்கு ஒரு பெரிய படம், சின்னக் கட்டத்தில் பார்ப்பவருக்கு ஒரு சின்னப் படம் என்று இரண்டு மூன்று அளவில் உங்கள் மடிக்கணினியே செய்து அனுப்ப வேண்டியிருக்கும். நடுவிலுள்ள சர்வர் எதையும் கலந்து சமைப்பதில்லை. வந்த பொட்டலத்தை யாருக்கு எது பொருத்தமோ அதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். சமையல் முழுவதும் வீட்டில்தான்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. உங்கள் முகம் மட்டும் எல்லாருக்கும் நின்றால், கோளாறு உங்கள் கேமராவுக்கும் சர்வருக்கும் இடையில். எல்லார் முகமும் உங்களுக்கு மட்டும் நின்றால், உங்கள் லைனில் இறங்கும் பக்கம், அல்லது விரிக்க முடியாமல் சிப் திணறுகிறது. ஒரே ஒரு பிள்ளையின் முகம் எல்லாருக்கும் நின்றால் அது அந்தப் பிள்ளையின் வீடு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை.

டீச்சர் வீட்டு மேசையில்

அன்று மாலையே போனேன். மேசை மீது ஒரு பூப்போட்ட மெத்தை விரிப்பு, அதன் மேல் குரோம்புக். பின்னால் ஜன்னல், அதில் வெளிச்சம். டீச்சரின் முகம் திரையில் நிழலாகத் தெரிந்தது. சோதனைக்கு ஒரு கூட்டத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, தேடல் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினேன். குரோமின் வேலைப் பட்டியல் எழும். எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது, எது சிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். குரோம்புக் வைத்திருப்பவர் பலருக்கு இது இருப்பதே தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாதுதான்.

முதலில் கண்ணில் பட்டது, அவர் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய கைப்பேசிச் செயலி வழியாகக் கூட்டத்தில் சேர்ந்திருந்தார் என்பது. கைப்பேசியில் அப்படித்தானே செய்கிறோம் என்று அவருக்குப் பழக்கம். ஆனால் குரோம்புக்கில் ஆண்ட்ராய்டு செயலியைத் திறந்தால், அந்த ஒரு செயலிக்காக ஒரு முழு ஆண்ட்ராய்டே உள்ளே எழுந்து உட்காரும். ஆண்ட்ராய்டு 11 முதல் அது தனி மெய்நிகர் கணினியாகவே ஓடுகிறது. 8 ஜிபி மெமரி உள்ளவருக்குப் பரவாயில்லை. 4 ஜிபி வீட்டில் அது சம்பந்தி வீட்டார் மொத்தமாக வந்து தங்கியது போல. குரோம்புக்கின் இயங்குதளமான குரோம் ஓஎஸ் மெமரியைச் சுருக்கி மடித்து இடம் பண்ணப் பார்க்கும். அந்த மடிப்பு வேலைக்கும் சிப்தான் வேண்டும்.

அதை நீக்கிவிட்டு பிரவுசரிலேயே கூட்டத்தைத் திறந்தேன். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் நிறுவுவதற்கான சின்னம் வரும். அதை அழுத்தினால் அந்த இணையப் பக்கமே தனிச் செயலி போல் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். கூகுள் மீட்டுக்கும் டீம்ஸுக்கும் இந்த வழி உண்டு. ஸூம் 2021-இல் குரோம் ஓஎஸ்ஸுக்கென்றே இப்படி ஒன்றை வெளியிட்டது.

ஸூமின் கதை கொஞ்சம் வேறு, சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் அதன் பிரவுசர் பதிப்பு வெப்ஆர்டிசியின் வீடியோ வழியில் போகவில்லை. வெப்அசெம்பிளி என்ற நுட்பத்தில் தன் சொந்தச் சுருக்கு விரிப்பு வேலையைப் பிரவுசருக்குள்ளேயே ஓட்டியது. அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட வேண்டுமானால் மெமரியை அவை பகிர்ந்துகொள்ள வேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டை வெளியானதும் பிரவுசர்கள் எல்லாம் அந்தப் பகிர்வை மூடின. பிறகு கடும் நிபந்தனைகளோடு திறந்தன. பிரவுசரில் சேர்ந்தவர்களுக்கு நிறுவிய செயலியில் கிடைத்த வசதியெல்லாம் நெடுநாள் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். "குரோம்புக்கில் ஸூம் சரியாக வராது" என்ற பேச்சு அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்தது. இன்று அவ்வளவு மோசமில்லை.

இரண்டாவது, பின்னணி மங்கல். டீச்சருக்குப் பின்னால் துணி மடித்து வைத்த நாற்காலி; அது தெரியக்கூடாது என்று மங்கலைப் போட்டிருந்தார். ஒவ்வொரு படத்திலும் எது மனிதர், எது சுவர் என்று வெட்டிப் பிரித்து, சுவரைக் கலைத்து, மறுபடி ஒட்டி, அதற்குப் பிறகே சுருக்கத் தொடங்க வேண்டும். இதை ஒரு சின்னச் செயற்கை நுண்ணறிவு மாதிரி செய்கிறது. நல்ல சிப்பில் தெரியவே தெரியாது. இரண்டு கோர் செலரானில் இதுவே பெரிய விருந்தாளி. மங்கலை எடுத்ததும் வேலைப் பட்டியலில் அந்த டேப்பின் எண் சட்டென்று இறங்கியது. டீச்சர் எழுந்து போய் நாற்காலியை வேறு அறைக்கு மாற்றிவிட்டு வந்தார். "இதுக்கா இவ்ளோ பாடு?"

மூன்றாவது வெளிச்சம். இதைப் பலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். இருட்டில் கேமரா தன் உணர்திறனை ஏற்றும். படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி ஆடும். அந்த ஆட்டத்தையும் "மாற்றம்" என்றே சுருக்கும் நிரல் எடுத்துக்கொண்டு, அதை எழுதுவதற்கே பாதி இடத்தைச் செலவழிக்கும். முகத்துக்கு மிஞ்சுவது குறைவு. பகலில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். இரவில் ஒரு மேசை விளக்கை முகத்துக்கு எதிரே வையுங்கள். பத்து இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் விளக்கு போதும்.

பூப்போட்ட மெத்தை விரிப்பையும் எடுக்கச் சொன்னேன். மலிவுக் குரோம்புக்கில் பலவற்றுக்கு விசிறியே இல்லை. சூடு அடிப்பலகை வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் இருந்து எழுதப்பட்ட குறிப்புகளில் இதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே, குளிர்சாதனம் இல்லாத அறையில் வகுப்பெடுத்துப் பார்த்தால் தெரியும். முதல் இருபது நிமிடம் ஓடும், பிறகு இழுக்கும். மேல்விசிறிக்குக் கீழே வெறும் மேசையில் வைத்தால் பாதி தீர்ந்தது.

நாலாவது, கட்டக் காட்சி. பதினைந்து பிள்ளைகளும் தெரிய வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. யார் தூங்குகிறான் என்று பார்க்க வேண்டுமாம்! நியாயம்தான். ஆனால் பதினைந்து கட்டம் என்றால் பதினைந்து வீடியோ ஓடை தனித்தனியாக வந்து தனித்தனியாக விரிய வேண்டும். பேசுபவரை மட்டும் காட்டும் காட்சிக்கு மாறினால் மற்ற ஓடைகள் பெரும்பாலும் வருவதே நின்றுவிடும். பாடம் நடத்தும்போது ஒற்றைக் காட்சி, வருகைப் பதிவுக்கும் கேள்வி நேரத்துக்கும் கட்டக் காட்சி என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

லைன், பாலம், ஹாட்ஸ்பாட்

இவ்வளவும் மடிக்கணினிக்குள். வெளியே வந்தால் லைன்.

டீச்சர் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, ஆனால் ரௌட்டர் கீழே கூடத்தில், வகுப்பு மேல்மாடியில். நடுவில் கான்கிரீட் தளம். பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குவிந்து கிடக்கின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சானல் மூன்றுதான்: 1, 6, 11. பிளாட்டில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. 5 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் குறைந்தது, ஆனால் சுவரைத் தாண்டும் வலு அதற்குக் குறைவு. ரௌட்டர் இருக்கும் அறைக்கே வகுப்பை இறக்குவதுதான் செலவில்லாத வழி. யுஎஸ்பி வழியாக நெட்வொர்க் கேபிள் செருகும் சின்ன அடாப்டரும் குரோம்புக்கில் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும்.

கூட்டத்துக்கு வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். குரலை ஓபஸ் என்ற முறை சுருக்குகிறது. 2012-இல் தரமாக்கப்பட்டது, இன்று ஏறக்குறைய எல்லாப் பிரவுசர் கூட்டங்களிலும் இதுதான். ஒரு விநாடிக் குரலை வழக்கமாக ஐம்பது துண்டாக நறுக்கி அனுப்பும். ஐம்பதும் சம இடைவெளியில் வந்து சேர்ந்தால் குரல் குரலாகக் கேட்கும். சில துண்டு பிந்தி வந்தால், வாங்கும் பக்கம் இருப்பதை வைத்து இழுத்து நீட்டி இடைவெளியை மறைக்கப் பார்க்கும். பிந்தியவை கும்பலாக வந்ததும் அவசர அவசரமாக ஓட்டிச் சரிசெய்யும். "ரோபோ மாதிரி இழுக்குது, அப்புறம் வேகமா பேசுறீங்க" என்று பிள்ளைகள் சொன்னது இதைத்தான். குரலில் பழுதில்லை, வந்து சேர்ந்த நேரத்தில்தான் பழுது. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய அறிவுரை. அதைத் தாண்டத் தாண்ட இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று ஆகும்.

சில அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இன்னொரு தடங்கல் வரும். கூட்டங்கள் யுடிபி என்ற வழியில் போக விரும்பும். நிர்வாகி அதை மூடியிருந்தால், டிசிபி என்ற வழியில் சுற்றிப் போகும். வித்தியாசம் புரிய வேண்டுமானால் பினாங்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டிசிபி என்பது முந்திச் செல்லவே முடியாத ஒற்றைக் கார் வரிசை. ஒரு வண்டி நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும், அந்த வண்டி நகர்ந்த பிறகுதான் மற்றவை. யுடிபி என்பது மோட்டார் சைக்கிள் தடம். ஒன்று நின்றால் மற்றவை வளைந்து போய்க்கொண்டே இருக்கும். மின்னஞ்சலுக்குக் கார் வரிசைதான் வேண்டும், ஓர் எழுத்தும் தொலையக்கூடாது. பேச்சுக்கு மோட்டார் தடம் வேண்டும், ஏனென்றால் அரை விநாடி பிந்திய சொல் தொலைந்த சொல்லைவிடத் தொல்லை. வீட்டில் நன்றாக ஓடிய குரோம்புக் அலுவலகத்தில் மட்டும் இழுத்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் சேருபவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு மெகாபிட் வேகம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 மெகாபைட். பதினைந்து சின்னக் கட்டம், கட்டத்துக்கு 150 கிலோபிட் என்று வைத்தால், மொத்தம் 2.25 மெகாபிட், மணிக்கு ஒரு ஜிபி. வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி என்றால் மாதத்துக்கு 12 ஜிபி. "அன்லிமிட்டெட்" என்று விற்கும் பிரீபெய்ட் திட்டங்களில் பலவற்றில் கைப்பேசிக்குள் பயன்படுத்துவதற்கு ஒரு கணக்கு, ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாகச் சின்னக் கணக்கு. அது தீர்ந்ததும் லைன் ஓடுவதை விட்டு ஆமை போல் நடக்கத் தொடங்கும். பெற்றோர் அதைப் பார்ப்பதில்லை, பிள்ளையையோ மடிக்கணினியையோ திட்டுகிறார்கள்.

இதற்கு எதிரே குரலின் கணக்கைப் பாருங்கள். ஓபஸ் 32 கிலோபிட்டில் ஓடினால் மணிக்கு 14.4 மெகாபைட், ஒவ்வொரு துண்டின் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டையும் சேர்த்தால் இருபது சொச்சம். வீடியோவுக்கும் குரலுக்கும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு தூரம். லைன் தடுமாறும் இரவில் கேமராவை மூடுங்கள் என்று சொல்வது வெட்கப்படும் ஆலோசனை இல்லை. பாடம் குரலில்தான் இருக்கிறது.

காதில் மாட்டுவது

புளூடூத் இயர்போன் பற்றி ஒரே ஒரு விஷயம். பாட்டுக் கேட்கும்போது இனிக்கும் அதே இயர்போன், கூட்டத்தில் மைக்கைத் திறந்ததும் டின்னுக்குள் பேசுவது போல் ஆவதைக் கவனித்திருப்பீர்கள். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, மைக்கோடு பேச்சுக்கு வேறு முறை. இரண்டாவது, ஒலியைத் தொலைபேசித் தரத்துக்கு இறக்கிவிடும். பேட்டைக் கடையில் பதினைந்து வெள்ளிக்கு விற்கும் கம்பி இயர்போன் இந்த இடத்தில் ஜெயிக்கும். ஒரே அறையில் இரண்டு பேர் இரண்டு கருவியில் சேர்ந்தால் வரும் ஊளைக்கும் அதுவே மருந்து.

வாங்குவது பற்றியும் டீச்சர் கேட்டிருந்தார். பழைய குரோம்புக் வாங்குபவர் பார்க்க வேண்டியது விலைக்கு முன் இரண்டு. ஒன்று, புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அமைப்புகளில் குரோம் ஓஎஸ் பற்றிய பக்கத்தில் தெரியும். 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்து ஆண்டு என்று 2023 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. தேதி தாண்டிய பிறகும் கருவி ஓடும், ஆனால் பிரவுசர் அதே இடத்தில் நின்றுவிடும். கூட்டச் சேவைகள் ஒருநாள் "இந்தப் பிரவுசர் பழையது" என்று கதவை மூடும். இரண்டாவது, முன்பு ஏதாவது பள்ளியிலோ நிறுவனத்திலோ பதிவான கருவியா என்பது. முறையாக விடுவிக்கப்படாதது என்றால் எத்தனை தடவை துடைத்துப் போட்டாலும் பழைய முதலாளியின் உள்நுழைவுப் பக்கத்திலேயே வந்து நிற்கும். நான் ஒருமுறை இணையத்தில் வாங்கி ஏமாந்தேன். அது இன்றும் அலமாரியில் தூங்குகிறது. கடையில் நின்று, உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முடிந்தால் 8 ஜிபி.

இந்தக் கருவியால் முடியாததும் இருக்கிறது. பிள்ளைகளின் வீடியோவைப் பார்த்துக்கொண்டே, திரையைப் பகிர்ந்துகொண்டே, அதைத் தன் வட்டிலேயே பதிவும் செய்வது என்றால் 4 ஜிபி, 32 ஜிபி இரண்டும் கையை விரிக்கும். முழுத் திரையைப் பகிராமல் ஒரு டேப்பை மட்டும் பகிர்ந்தால் கொஞ்சம் இலேசாகும். அந்த டேப்பின் ஒலியும் கூடவே போகும். பதிவு வேண்டுமென்றால் சேவையின் மேகத்தில் செய்ய வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கட்டணத் திட்டம் வேண்டும். ஒன்றரை மணி வகுப்புக்கு எப்படியும் அந்தக் கேள்வி வரும்: இலவசக் கணக்கில் ஸூம் 40 நிமிடத்திலும் மீட் 60 நிமிடத்திலும் கூட்டத்தை வெட்டிவிடும். டீச்சர் நடுவில் ஓர் இடைவேளை விட்டுப் புதுக் கூட்டம் திறக்கிறார். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது, மைலோ கலக்கப் போகிறார்கள்.

அந்தச் செலரான் சிப்பைப் பற்றி டீச்சரிடம் ஒரு கதை சொன்னேன். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது நம் பாயான் லெப்பாஸில்தான். அங்கே வேலைக்குப் போன தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். டீச்சரின் அக்காவும் எழுபதுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடிக் கருவிக்குள் குனிந்து சிப் பார்த்தவராம். "அப்போ இது அக்கா கைப்பக்குவம்னு சொல்லு" என்றார். பிறகு மருமகனிடம் குரோம்புக்கைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த வகுப்பு முடிந்த இரவு புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குரல் பதிவு அனுப்பினார். முகம் நிற்கவில்லையாம், குரலும் சரியாம். நடுவில் நிபோங் திபால் பையனின் முகம் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. மற்ற பிள்ளைகளிடம், "உங்களுக்கும் இவன் நிக்கிறானா?" என்று கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் நின்றானாம்.

"கேமராவை மூடுய்யா, ஹாட்ஸ்பாட்லதானே இருக்க?" என்று கேட்டதும் அவன் குரல் தெளிவாக வந்தது: "ஆமா டீச்சர். எப்படித் தெரிஞ்சுது?"